கொழுந்துச் சீட்டில் எடை மட்டும் போதுமா?

போன வாரம் தேயிலைக் கொழுந்தைக் கொடுத்து வாங்கிய கொழுந்துச் சீட்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. தபால் அட்டையில் பாதிகூட வராத தாள். மொத்த எடை 62, கழிவு 7, நிகரம் 55. கீழே ஒரு கையெழுத்து. ஈரக் கையோடு வாங்கியதால் 7 என்ற எண்ணில் மை பரவிவிட்டது. அந்த ஏழு கிலோ எதற்காகக் கழிந்தது என்று சீட்டில் எங்கும் இல்லை. இலையில் நின்ற மழைத்தண்ணீருக்கா, முற்றல் இலைக்கா, சாக்கின் எடைக்கா? பத்து வருடமாக இப்படிப்பட்ட சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்து வருகிறேன். என் தோட்டத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று அவற்றில் ஒன்றுகூட எனக்குச் சொன்னதில்லை.

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் எருமாடு, அய்யன்கொல்லிப் பக்கத்துச் சரிவுகளில் இருக்கிறது சிறு தேயிலை விவசாயிகளான எங்கள் குழு. 38 பேர். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பாதிக்கு மேல். மீதிப்பேர் மலையாளம் பேசும் அண்டை வீட்டார். ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் எங்களுக்கு ஊட்டியைவிடக் கேரளத்துச் சுல்தான் பத்தேரிதான் பக்கம். வரும் ஏப்ரலில் கொழுந்து பொங்குவதற்குள் அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்தப் பேச்சு ஒரே கேள்வியில் முடிந்துவிடும்: கிலோவுக்கு ஐம்பது பைசா கூடுதலாகத் தருவது யார்? இந்த வருடம் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த வழியில் கொடுத்தால் ஆலைக்குத் தெரிந்தது நமக்கு வரும், நமக்குத் தெரிந்தது ஆலைக்குப் போகும்?

இதைக் கேட்பதற்குக் கணக்குக் காரணமும் உண்டு. தேயிலை வாரியத்தின் விலைப் பங்கீட்டு முறையில், ஆலை விற்ற தேயிலைத் தூளின் விலையில் நூற்றுக்கு 65 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 35 பங்கு ஆலைக்கு. இதை வைத்துத்தான் மாதாமாதம் மாவட்டத்தின் சராசரிக் கொழுந்து விலை வருகிறது. அதாவது தூள் நல்ல விலைக்குப் போனால் இரண்டு பேருக்கும் லாபம். ஆலை நமக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுப்பது தருமம் இல்லை, அதன் வருமானத்துக்கும் அது தேவை. ஆனால் அதே சராசரி விலையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நன்றாகப் பறித்தவருக்கும் கண்டபடி அறுத்தவருக்கும் ஒரே அடிப்படை விலை என்றால், நன்றாகப் பறிக்கக் கற்றுக்கொள்ள யாருக்கு மனசு வரும்? இந்த இரண்டையும் சேர்த்தே ஒவ்வொரு வழியையும் பார்க்க வேண்டும்.

சாக்குக்குள் இருந்த சூடு

வழிகளைப் பார்ப்பதற்கு முன், தகவல் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று காட்டிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில், தொடர்ந்து மூன்று ரவுண்டு, அதாவது மூன்று பறிப்பு, என் கொழுந்துக்குக் கழிவு அதிகமாகப் போட்டார்கள். இலை இளசாகத்தான் இருந்தது. பறித்தது என் வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டு அக்காவும், கை பழகியவர்கள். ஆலைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், கடையில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். நாலாவது முறை நானே ஜீப்பில் ஏறிப் போனேன். இலையைக் காற்றில் வாட்டும் தொட்டி பக்கம் நின்ற மேற்பார்வையாளர் என் சாக்கு ஒன்றைப் பிரித்து, "கையை நடுவுல விட்டுப் பாருங்கண்ணே" என்றார். விட்டேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது மாதிரி இருந்தது. நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இலை ஓரமெல்லாம் செம்பு நிறம்.

பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மூச்சில் சூடு வரும். பிளாஸ்டிக் சாக்கில் முப்பது கிலோவை மிதித்து அடைத்தால் அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. இலை நசுங்கி, ஆலையில் உருட்டி நசுக்கும் ரோலருக்குப் போன பிறகு நடக்க வேண்டிய மாற்றம் சாக்குக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அந்த இலையில் வரும் தூள் நீர்த்துப் போகும், கலர் மங்கும். மருந்து மிக எளிது. வலைப் பை, பைக்கு பதினைந்து கிலோ, நிழலில் நிறுத்துவது, பைமேல் ஆள் உட்காராமல் பார்ப்பது. சொல்லிக் கொடுக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைப்பதற்குள் மூன்று ரவுண்டுக் காசு போய்விட்டது. நல்ல மனிதர்களைப் பற்றித் தப்பாகவும் பேசிவிட்டேன்.

அன்றைக்கே அவரும் என்னிடம் ஒன்று தெரிந்துகொண்டார். எங்கள் பக்கத்திலிருந்து வரும் இலை சில நாள் திடீரென்று முற்றலாக வருவது ஏன் என்று அவருக்குப் புரியவே இல்லையாம். யானை இறங்கிவிட்டால் நாலைந்து நாள் மேல் சரிவுக்கு யாரும் பறிக்கப் போக மாட்டோம். ரவுண்டு பத்துப் பன்னிரண்டு நாளிலிருந்து பதினேழு, பதினெட்டுக்குத் தள்ளிப்போகும். இலை முற்றிவிடும். முன்கூட்டியே ஒரு போன் வந்தால் அந்த லோடைத் தனியாக வாட்டி, தனியாக ஓட்டலாம், நல்ல இலையோடு கலக்க வேண்டியதில்லை என்றார். யானை வந்த செய்தி ஆலைக்குப் பயன்படும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஏஜெண்ட் வழி

எங்களில் பாதிப்பேர் இன்றைக்கும் ஏஜெண்டிடம்தான் கொடுக்கிறோம். அதில் தப்பு இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ரோட்டோரத்தில் தராசைத் தொங்கவிட்டு நிற்பவர் அவர்தான். நாற்பது கிலோ இலையை வைத்துக்கொண்டு ஆலைக்கு வண்டி பிடிக்க முடியாது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்றால் முன்பணமும் அவர்தான் தருவார். இந்த உதவியைக் கணக்கில் சேர்க்காமல் ஏஜெண்டைக் குறை சொல்பவர்கள் மழைக்காலத்தில் எங்கள் ரோட்டில் நடந்து பார்த்ததில்லை.

ஆனால் தகவலுக்கு இந்த வழியில் இடமே இல்லை. இருபது பேர் இலை ஒரே வண்டியில் குவிகிறது. ஆலை அந்த வண்டிக்கு மொத்தமாகக் கழிவு போடும், ஏஜெண்ட் அதை இருபது பேருக்கும் பிரித்துவிடுவார். யாருடைய இலை சூடேறியது, யாருடையது முற்றல் என்று ஆலைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அன்றன்றைய விலையைப் பார்த்து இன்று ஒரு ஆலை, நாளை இன்னொன்று என்று கொடுப்பதால், எந்த ஆலைக்கும் நம் தோட்டம் எது என்றுகூடத் தெரியாது. அவர் மோசமானவர் என்பதால் இல்லை. எடையையும் காசையும் கொண்டுபோக அமைந்த வழி அது. அதில் வேறொன்றும் ஏறாது.

நேராக ஆலைக்கு

ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சேகரிப்பு இடத்தில் இலையை வைத்தால் ஆலையின் வண்டியே வந்து எடுக்கும். ஆலையின் களப் பணியாளர் மாதம் ஒரு முறையாவது தோட்டத்துக்கு வருவார். எங்களுக்கு இப்போது ஓர் ஆலையிலிருந்து வந்திருக்கும் அழைப்பு இந்த மாதிரியானது. மண் பரிசோதனை, கவாத்து ஆலோசனை, மருந்து அட்டவணை எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கும் இந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் இதில்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்கிறேன். களப் பணியாளர் பார்ப்பதை நாம் பார்க்க முடியாது. அவர் ஒரு வாரத்தில் ஐம்பது தோட்டம் ஏறி இறங்குகிறார். தேயிலைக் கொசு எந்தச் சரிவில் தொடங்கியிருக்கிறது, கொப்புள நோய் எந்தப் பக்கம் வருகிறது என்று நம் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் எங்கள் பக்கம் கொப்புள நோயைக் கண்டுகொள்ள ஒரு வாரம் பிந்தினாலும் ஒரு ரவுண்டே போய்விடும். மண் விஷயமும் அப்படித்தான். தேயிலைக்கு 4.5-லிருந்து 5.5 வரை பி.எச். இருக்கும் புளிப்பு மண் வேண்டும். அதற்கும் கீழே போய்விட்டால் போட்ட உரம் செடிக்குச் சரியாகச் சேராது, டோலமைட் என்ற சுண்ணாம்புப் பொடி போட வேண்டும். பார்வைக்கு இது தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும். குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து போய் வர ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் போகாமலே விட்டவர்கள்தான் அதிகம். 38 பேரின் மண்ணையும் ஆலை வண்டி சேர்த்து எடுத்துப் போனாலே அது பெரிய உதவி.

இப்போது பயப்பட வேண்டியது. அதே ஆலையே உரமும் மருந்தும் கடனுக்குக் கொடுத்துக் கொழுந்துக் காசில் பிடித்துக்கொள்ளும் என்றால், களப் பணியாளரின் வாயிலிருந்து வருவது ஆலோசனையா விற்பனையா என்று பிரித்துப் பார்க்க முடியாது. "இன்னொரு டோஸ் போடுங்க" என்பதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பயம் ஆலையின் பக்கம் இருக்கிறது. அது நியாயமான பயம். ஒரு வருடம் ஆள் போட்டு, செலவு செய்து 38 பேருக்குச் சொல்லிக் கொடுத்து இலை நன்றாக வரத் தொடங்கிய பிறகு, பக்கத்து ஆலை ஐம்பது பைசா கூட்டினால் நாம் அங்கே போய்விடுவோம். சொல்லிக் கொடுத்தவருக்குச் செலவு, சொல்லாதவருக்கு நல்ல இலை. இப்படி இரண்டு முறை நடந்தால் எந்த ஆலையும் களப் பணியாளரை வைக்காது. எங்கள் பகுதியில் பல ஆலைகள் இதற்கெல்லாம் செலவு செய்யாததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் "ஒன்றும் சொல்லித் தர மாட்டார்கள்" என்கிறோம், அவர்கள் "நிலையாக நிற்க மாட்டார்கள்" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது.

இதற்கு நான் பார்க்கும் வழி, சீசன் அளவு வாக்கு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை நம் இலையில் பத்தில் ஏழு பங்கு இந்த ஆலைக்குத்தான் என்று நாம் எழுதிக் கொடுப்பது. இளங்கொழுந்து இத்தனை சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாவட்டச் சராசரிக்கு மேல் இத்தனை ரூபாய் என்று அவர்கள் எழுதிக் கொடுப்பது. மீதி மூன்று பங்கு நம் கையில் இருக்கட்டும், அவசரத்துக்கு ஏஜெண்டிடம் கொடுக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போடும் ஒப்பந்தம் யாரும் கேட்டாலும் கையெழுத்துப் போடக் கூடாது.

கூட்டுறவு ஆலை

நீலகிரியில் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் 1962-ல் குந்தாவில் தொடங்கின. 1965-ல் அவற்றுக்கு இன்ட்கோசர்வ் என்ற இணையம் வந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் சாலிஸ்பரி, பாண்டியார், பிதர்காடு ஆலைகள் அந்த வரிசையில் வந்தவை. எங்கள் குழுவில் எட்டுப் பேர் உறுப்பினர்கள்.

தகவல் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் கூட்டுறவு முறைதான் மேலே நிற்க வேண்டும். அங்கே நாம் இலை கொடுப்பவர் மட்டும் இல்லை, பங்குதாரர். தூள் என்ன விலைக்குப் போனது, எந்த லாட்டை, அதாவது ஒரே தொகுப்பாக விற்பனைக்கு வரும் தூளை, ஏலத்தில் யாரும் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தனியார் ஆலையில் அதைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூட்டுறவில் கற்றுக்கொண்ட உறுப்பினர் விட்டுப் போவார் என்ற பயமும் குறைவு.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. எங்கள் எட்டுப் பேரிடம் கேட்டேன். பேரவைக் கூட்டத்துக்குப் போனவர்கள் இரண்டு பேர். தூளின் தரத்தைப் பற்றிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. விலை எப்போது ஏறும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். தூரமும் ஒரு கஷ்டம்தான். உறுப்பினர்களாக இருப்பவர்கள் அங்கேயே தொடர்வது நல்லது, அடுத்த கூட்டத்தில் நாங்கள் எழுதித் தரும் நாலு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மற்ற முப்பது பேருக்கும் இந்த வருடம் இது நடைமுறைக்கு வராது.

சான்றிதழ் திட்டம்

டிரஸ்டீ (trustea) என்ற தேயிலைச் சான்றிதழ் முறை 2013-ல் தொடங்கியது. பெரிய டப்பா டீ கம்பெனிகள், சான்று பெற்ற ஆலைகளின் தூளைத் தேடுகின்றன. ஆலை சான்று வாங்க வேண்டுமானால் அதற்கு இலை கொடுப்பவர்களும் விதிகளுக்குள் வர வேண்டும். எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை மில்லி, அடித்த எத்தனையாவது நாள் பறித்தது, எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

இந்த நோட்டைப் பார்த்தாலே எங்கள் ஆட்களுக்குச் சலிப்பு வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் மருந்து எச்சம் விஷயத்தைப் புரிந்துகொண்ட பிறகு என் எண்ணம் மாறியது. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது. இலையில் ஒட்டியிருந்த மருந்தில் பெரும்பகுதி தூளிலேயே தங்கினால், கிலோ கணக்கில் பார்க்கும்போது அதன் அளவு பல மடங்கு கூடிவிடும். பரிசோதனைக் கூடம் பார்ப்பது பச்சை இலையை இல்லை, அந்தத் தூளை. ஒரு நாளில் பத்தாயிரம் கிலோ இலை வரும் ஆலையில் ஒருவர் அறுபது கிலோ இலையைத் தப்பான நாளில் பறித்துக் கொடுத்தாலும், அது எல்லோருடைய இலையோடும் கலந்துவிடுகிறது. லாட் திரும்பினால் யாரால் திரும்பியது என்று கண்டுபிடிக்க முடியாது. நோட்டு இல்லாத இடத்தில், தப்புச் செய்யாத முப்பத்தேழு பேரும் சேர்ந்தே நஷ்டப்படுவார்கள்.

குறை எங்கே என்றால், இந்தத் திட்டத்தில் தகவல் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகிறது. நாம் எழுதுகிறோம், தணிக்கைக்காரர் பார்க்கிறார், கம்பெனிக்குச் சான்று போகிறது. தூளைச் சோதித்தபோது எந்த மருந்து எவ்வளவு இருந்தது என்ற முடிவு நம் ஊருக்குத் திரும்பி வர வேண்டும். ஆலை இந்தத் திட்டத்தில் சேரச் சொன்னால் சேரலாம். "எங்கள் நோட்டு உங்களுக்கு, உங்கள் பரிசோதனை முடிவின் நகல் எங்களுக்கு" என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும். கேட்டால் தருவார்கள் என்றே நினைக்கிறேன், மறைப்பதால் ஆலைக்கு ஒரு லாபமும் இல்லை.

நாமே நமக்கு

இன்னொரு வழி யாரையும் எதிர்பார்க்காதது. கென்யாவில் சிறு தேயிலை விவசாயிகள் ஆறு லட்சம் பேர் அளவுக்கு ஒரே அமைப்பின் கீழ் இருக்கிறார்கள். கே.டி.டி.ஏ. என்பார்கள், 1964-ல் அரசு வாரியமாகத் தொடங்கி, 2000-ல் விவசாயிகளின் கம்பெனியாக மாறியது. அங்கே கொழுந்து வாங்கும் மையத்தில் எடை போடுவதற்கு முன் இலையைப் பரப்பிப் பார்க்கிறார்கள். முற்றலைக் கொண்டுவந்தவரே, எல்லோர் முன்னாலும், பொறுக்கி எடுக்க வேண்டும். கழிவு ஏன் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. வருடக் கடைசியில் ஒவ்வொரு ஆலையின் விற்பனைக்குத் தகுந்த மாதிரி இரண்டாவது தவணையும் வருகிறது.

அந்த விவசாயிகளிடையே வயல்வெளிப் பள்ளியும் நடக்கிறது. 1989-ல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய முறை அது. முப்பது பேர் அளவில் ஒரு குழு, ஒரே தோட்டத்தில் அடிக்கடி கூடி, தாங்களே இரண்டு விதமாகச் செய்து பார்த்து முடிவுக்கு வருவது. மேடை போட்டு யாரும் பேசுவதில்லை. அங்கே ஆலையும் விவசாயியுடையது என்பதால் எல்லாம் அப்படியே இங்கே பொருந்தாது. ஆனால் இலையைப் பரப்பிப் பார்க்கும் மேசைக்கு ஆலை சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

அக்டோபரில் ஒரு நாள் அதை எங்கள் சேகரிப்புக் கொட்டகையில் செய்து பார்த்தோம். சமையலறைத் தராசு ஒன்று, ஒரு பழைய பெஞ்சு. ஐந்து பேர் பையில் மேல், நடு, அடி என்று எடுத்து ஆளுக்கு நூறு கிராம். ஒவ்வொரு தளிரையும் விரலால் ஒடிக்க வேண்டும். பட்டென்று ஒடிந்தால் இளசு. நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் முற்றல். ஒடியும் இடத்தில் இரண்டாகப் பிரித்து, இளசைத் தனியாக, முற்றலைத் தனியாக நிறுத்தோம். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை, ஒடிக்கிற சத்தம் மட்டும்தான். கடைசியில் ஒருவருடைய இலையில் பாதிக்கு மேல் முற்றல். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ அந்த நாரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "கத்தரியை ஒரு விரக்கடை தூக்கிப் பிடிச்சா சரியாப் போகும் போலிருக்கே" என்றார். ஆள் பற்றாக்குறையில் எங்கள் பக்கம் நிறையப் பேர் கத்தரியால்தான் அறுக்கிறோம். எந்த உயரத்தில் பிடிப்பது என்று அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

தண்ணீர்க் கழிவுக்கும் இதே வழி. மழை நாளில் ஒரு கிலோ இலையை நிறுத்து, பருத்தித் துணியில் நன்றாக ஒற்றி எடுத்து, மறுபடி நிறுத்தால் அன்றைக்கு இலைமேல் எத்தனை சதவீதம் தண்ணீர் நின்றது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். கண்பார்வையில் பத்து, பன்னிரண்டு என்று போடுவதைவிட இது நேர்மையானது. சில நாள் நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவும் வரும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வழியில் குறை என்னவென்றால் இலை எங்கள் கொட்டகையோடு நின்றுவிடுகிறது. வாட்டும்போது என்ன ஆனது, கோப்பையில் எப்படி வந்தது, ஏலத்தில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் ஆலைக்குள்தான் தெரியும். தனியாக இதை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியாது. அப்புறம், இரண்டு மொழி விஷயம். நோட்டைத் தமிழில் மட்டும் எழுதினால் பதினைந்து பேர் படிக்க முடியாது, ஆலை தரும் அறிவுரைத் தாளோ ஆங்கிலத்தில் வருகிறது.

என் ஓட்டு

ரோட்டோரம் தோட்டம் உள்ள 27 பேரும் நேராக ஆலைக்குக் கொடுக்கலாம், கொட்டகையில் நம் மேசையையும் நடத்தலாம் என்பது என் கருத்து. ஆலைக்காரர்கள் வந்து நம்மோடு அந்த மேசையில் நின்று ஒடித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் எண்ணும் நம் எண்ணும் ஒரே நோட்டில் ஏற வேண்டும். அவர்கள் தனியாகப் பார்த்துச் சொன்னால் நாம் நம்ப மாட்டோம், நாம் தனியாகப் பார்த்துச் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் சேர்ந்து பார்த்தாலே போதும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூன்று வீட்டுக்கு வண்டி போகாது. அவர்கள் ஏஜெண்டிடமே கொடுக்கட்டும். ஆனால் பையில் ஆளுக்கொரு நிறக் கயிறு கட்டி அனுப்பலாம், சிவப்புக் கயிற்றுப் பை சூடாக வந்தது என்று அவராவது திரும்பச் சொல்ல முடியும். அவரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். உறுப்பினர்களான எட்டுப் பேர் கூட்டுறவிலேயே தொடரட்டும், மேசைக்கு மட்டும் வரட்டும்.

விலையில் ஐம்பது பைசா குறைந்தாலும் இதைத்தான் சொல்வாயா என்று மச்சான் கேட்டார். யோசித்துத்தான் பதில் சொன்னேன். ஐம்பது பைசா வரை சரி, தரத்துக்குத் தனி விலை எழுத்தில் இருந்தால். இரண்டு ரூபாய் குறைந்தால் சொல்ல மாட்டேன். அரை ஏக்கர்க்காரருக்கு அந்த இரண்டு ரூபாயில்தான் அரிசி. தரத்துக்கு விலை எழுத்தில் தர மறுத்தால், மற்ற எல்லாம் தந்தாலும் நான் சேர வேண்டாம் என்பேன். நம் இலையில் உள்ள நல்லது கெட்டது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும், கெட்டதற்குக் கழிப்பார்கள், நல்லதற்குக் கொடுக்க மாட்டார்கள் என்றாகிவிடும்.

எதுவானாலும் சீட்டு மாற வேண்டும். ஆலை ஒப்புக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் மாதிரி ஒன்று எழுதியிருக்கிறேன். எடை, கழிவு, நிகரத்தோடு நாலு கட்டம் கூடுதல்: பறித்த நேரம், இளங்கொழுந்து சதவீதம், தண்ணீர் சதவீதம், கழிவுக்குக் காரணம். மறுபக்கம் நாம் எழுத வேண்டியவை: கடைசியாக மருந்து அடித்த தேதி, எத்தனையாவது நாள் ரவுண்டு, யானையோ வேறெதுவோ காரணமாகத் தள்ளிப்போனதா. பத்தேரி அச்சகத்தில் கேட்டேன், நூறு சீட்டுக் கட்டாகப் போட்டுத் தருவார்களாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கையால் எழுதிய பிரதி பத்து கொண்டு வருகிறேன். மலையாள வரிகளை மேல் வீட்டுச் சேட்டன் திருத்திக் கொண்டிருக்கிறார். 'முற்றல்' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லையே போட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்.